கறளும் இரும்பும் – 6: எந்த ஆண்டுக்குத் திருப்புவது?

சென்ற வாரம் எஞ்சினை இறக்கி, அலுமினியத் தகடுகளை ஒவ்வொரு போல்ற்றாகக் கழற்றி, வெறும் செசியை மரக்குற்றிகளின் மேல் ஏற்றிவைப்பதுவரை பார்த்தோம். பழைய லாண்ட் றோவர் ஒன்றை வளவுக்குள் வைத்துத் திருத்துகிற எந்தக் குடும்பமும் இந்த இடத்தில் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். இதை எந்த ஆண்டின் நிலைக்குத் திருப்பப்போகிறோம்? கைநூல்களும் உதிரிப்பாகப் பட்டியல்களும் ஒரே விடையைத்தான் தரும்: தொழிற்சாலைக் கதவைத் தாண்டிய நாளின் நிலைக்கு. அதே நிறப் பெயின்ற், அதே காபுரேற்றர், திருகின் தலைகூட அதே அளவு. இங்கிலாந்தில் நிற்கும் வண்டிக்கு இந்த அளவுகோல் பொருந்தலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அரை நூற்றாண்டு ஓடிய வண்டிக்கு அது பொருந்தாது என்றுதான் இந்த வாரம் வாதிடப்போகிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் அதன்மேல் ஏறிய ஒட்டுவேலையும் மாற்றுப்பாகமும் அந்த வண்டியின் வரலாற்றில் மிகப் பெறுமதியான பகுதி. அவற்றைச் சுரண்டி எறிந்து பளபளப்பாக்கினால் கையில் மிஞ்சுவது எந்த ஊருக்கும் உரியதல்லாத ஒரு வண்டி.

முதலில், தொழிற்சாலை எதைச் செய்து அனுப்பியது என்று பார்ப்போம். றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ் வடிவமைத்த இந்த வண்டி 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்ரர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. போர் முடிந்த பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு இருந்தது. அலுமினியம் தாராளமாகக் கிடைத்தது. அதனால்தான் மேலுடல் அலுமினியக் கலப்புலோகத்தில் அமைந்தது. செசிக்கும் நீண்ட உருக்குத் தகடுகளை அழுத்தி வளைக்க வசதியில்லாமல், அறுத்த பட்டைகளை நான்கு பக்கமும் வெல்டிங் செய்து பெட்டிச் சட்டமாக்கினார்கள். ஆக, தட்டுப்பாடு என்பது இந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. கிடைத்ததைக்கொண்டு செய்வதுதான் அதன் முதல் வடிவமைப்பு விதி. அந்த விதி நம்முடைய காற்றில் ஒரு விலையும் கேட்டது. குடாநாட்டில் கடலுக்கும் களப்புக்கும் வெகுதொலைவான ஊர் என்று ஒன்றில்லை. உப்பீரம் பெட்டிச் சட்டத்தின் உட்புறத்தில் தங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்து கறள் தின்கிறது. அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் விளிம்புகளில் அந்த உப்பீரம் மின்பகுபொருளாகிவிட, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. தொழிற்சாலை நிலைக்கு அப்படியே திருப்புவதென்றால் இந்தக் குறையையும் சேர்த்தே திருப்புகிறோம். இரண்டு உலோகங்களுக்கும் இடையில் ஒரு றப்பர் துண்டை வைத்த ஊர் மெக்கானிக் தொழிற்சாலையின் வரைபடத்தை மீறினார். அவர் செய்ததுதான் சரி.

இனி 1990க்கு வருவோம். அவ்வாண்டு யூனில் போர் மீண்டும் மூண்டதன் பின் வடக்குக்குப் பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் முதலியன வருவது தடைப்பட்டது. ஒஸ்ரின், மொறிஸ், பழைய ஜீப், லாண்ட் றோவர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. இதைப் பலரும் ஒரு வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதற்குள் இருக்கும் பொறியியலைச் சொல்வதில்லை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே ஒரு சிறு போத்தலில் இருந்து மெல்லிய குழாய்வழியே கொஞ்சம் பெற்றோலைக் காபுரேற்றருக்குக் கொடுத்து எஞ்சினை எழுப்ப வேண்டும். சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அதன் ஒக்ரேன் குறைவு என்பதால் அமுக்கம் கூடிய எஞ்சின்கள் தட்டும். பழைய பிரித்தானிய எஞ்சின்கள் பலவற்றில் அமுக்க விகிதம் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்றுதான். அதனால் அவை தாங்கின. புதிய வண்டிகள் முடங்கி நிற்க, தாத்தா காலத்து வண்டிகள் ஓடியதற்கு இதுவே காரணம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், மாற்றவோ ஒயில் இல்லை. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடுவதற்கென்றே பெர்குசன் உழவு இயந்திரத்தில் ஒரு வகை வந்தது. அங்கே அதற்கு ஒரு தொழிற்சாலையும் அதன் சோதனைக்கூடமும் இருந்தன. இங்கே அதே சிக்கலைக் கராஜ்காரரும் வீட்டுக்காரரும் வளவுக்குள் வைத்துத் தீர்த்தார்கள்.

அந்தத் தீர்வுகள் எந்த நூலிலும் முறையாக எழுதப்படவில்லை. அவை எழுதப்பட்டிருப்பது வண்டியின் மேல்தான். பெற்றோல் போத்தலைத் தாங்கிய தகட்டுக் கொளுவி, இரண்டு எரிபொருளையும் மாற்றும் சிறு குழாய்த்திறப்பு, லேத் பட்டறையில் கடைந்தெடுத்த புஷ், உழவு இயந்திரத்திலிருந்து கழற்றிப் பொருத்திய பாகம், தேய்ந்துபோன சிலிண்டர்ச் சுவர் ஒவ்வொன்றும் ஒரு சான்று. எண் தகட்டைக்கூட இந்தக் கண்ணோடு பாருங்கள். 1957இல் வந்த சிங்கள ஸ்ரீ எழுத்துக்கு எதிராக வடக்கில் தார் பூசிப் போராடினார்கள். அந்த எழுத்தைத் தாங்கிய தகடு கண்ணுக்கு இனியதோ இல்லையோ, ஒரு காலத்தின் ஆவணம். கோயிற் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசினால் கோபப்படுகிற நாம், இவற்றின்மேல் கிறைண்டரை ஓட்டும்போது ஒன்றும் நினைப்பதில்லை.

இது யாழ்ப்பாணப் பாசத்தில் பிறந்த தனிக்கொள்கை அன்று. பழைய கட்டடங்களைப் பேணுவதற்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், எல்லாக் காலங்களும் ஒரு நினைவுச்சின்னத்துக்குச் சேர்த்த தகுதியான பங்களிப்பை மதிக்க வேண்டும் என்கிறது. ஒரே பாணிக்குத் திருப்புவது புனரமைப்பின் நோக்கமல்ல என்றும் சொல்கிறது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான பீவா 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும் அதே வழியில் போகிறது. ஒரு வாகனம் வழமையான பாவனையில் இருந்த காலத்தில் அடைந்த மாற்றங்கள் அதன் வரலாற்றுக்குச் சான்று, அவற்றைப் பேணலாம், உற்பத்தி நாளின் தோற்றத்துக்குத் திருப்ப வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அதன் நிலைப்பாடு. உற்பத்தி நிறுவனமே இதை ஒப்புக்கொண்ட நிகழ்வும் உண்டு. 1948 அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் நின்ற வண்டிகளில் ஒன்று பல்லாண்டு காணாமற்போய், தொழிற்சாலை இருந்த சொலிஹல்லுக்கு அருகே ஒரு வீட்டுத் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்டது. 2018இல் அதைத் திருத்த எடுத்தபோது, பழைய வெளிர்பச்சைப் பெயின்ற் உட்பட அதன் காலத் தழும்புகளைக் காப்பதையே நிறுவனம் இலக்காக அறிவித்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் ஒன்று மற்றவற்றைவிடக் கனமானது. மண்ணெண்ணெய் ஊற்றி ஓடியது எவருடைய விருப்பமும் அல்ல; அது பட்ட பாடு. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு மக்கள் திரண்டு வெளியேறியதைக் கண்ட ஒருவருக்கு, அந்தக் காலத்தின் தகட்டுக் கொளுவியை எண்ணெய் பூசிப் பேணு என்று சொல்ல யாருக்கு உரிமை? அவலத்தை அழகாக்கிக் காட்சிக்கு வைப்பதல்லவா இது? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. பட்டவர் மறக்க விரும்பினால் அவருடைய முடிவே முடிவு, கழற்றுங்கள். ஆனால் கழற்றியதைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல் ஒரு பெட்டியில் வைத்து, எங்கிருந்து கழற்றியது என்று எழுதிவையுங்கள். அவலம் இருந்தது உண்மை என்பதைப்போலவே, அதற்குள் கைகளும் மூளையும் வேலைசெய்தன என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் நினைவில் வைத்தால் அந்தத் தலைமுறையைப் பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே அறிவோம். அவர்கள் கெட்டிக்காரர்களாகவும் இருந்தார்கள். அதற்கான சான்று நம் கையில், பத்து மில்லிமீற்றர் சாவியின் நுனியில் இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றிய எதிர்வாதத்துக்கு நான் முழுமையாகத் தலைவணங்குகிறேன். பிரேக், ஸ்ரேயறிங், செசி, எரிபொருட் குழாய் நான்கிலும் பழமைக்கு இடமில்லை. சூடான எஞ்சினுக்கு மேலே பெற்றோல் போத்தல் தொங்குவது தீ விபத்தை அழைப்பது; கொளுவி இருக்கட்டும், போத்தல் வேண்டாம். சுத்தியலால் மெல்லத் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும் இடங்களைச் செசியில் வெட்டி எடுத்துப் புது உருக்கு வைத்தே ஆக வேண்டும். ஒட்டின்மேல் ஒட்டு வைத்த சட்டத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மணற்காட்டு மணலில் ஓடக்கூடாது. உயிரைத் தாங்கும் பாகத்தில் இரக்கமில்லாமல் மாற்று, மற்றதில் கை வைக்குமுன் யோசி என்பதுதான் நான் கேட்கும் எல்லை.

விலையைச் சொல்பவர்களும் உண்டு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் முழுமையாகத் திறந்தது. அந்த இடைவெளியில் நாட்டில் பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. சேகரிப்பாளர் தொழிற்சாலை நிலையைத்தான் கேட்பார், ஒட்டுப்போட்டதை வாங்கமாட்டார் என்கிறார்கள். இன்றைய சந்தையில் அது சரியாக இருக்கலாம். ஆனால் 1948 முதல் 2016 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை இந்த வண்டியின் பரம்பரையில் இருபது இலட்சத்துக்கு மேல் வெளிவந்தன. தொழிற்சாலை நிலையில் உள்ள வண்டியை இங்கிலாந்தின் எந்த மாவட்டத்திலும் காணலாம். தடைக்காலத்தைத் தன் உடம்பில் தாங்கிய யாழ்ப்பாண வண்டிகள் எஞ்சியிருப்பது மிகச்சில. ஒவ்வொரு முழுப் புதுப்பிப்பிலும் அவற்றில் ஒன்று குறைகிறது. அரிதானதை அழித்து மலிந்ததைச் செய்வது வியாபாரக் கணக்கிலும் நட்டம்தான்.

வேலை வீட்டில் நடக்க வேண்டும் என்று இந்தத் தொடரின் தொடக்கத்திலிருந்தே நான் வற்புறுத்துவதற்கும் காரணம் இதுவே. கராஜில் கொடுத்தால் நல்ல ரிங்கறிங்காரர் மேடுபள்ளத்தைச் சமன்செய்து தருவார். எந்த மேடு எந்த ஆண்டில் வந்தது என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் அம்மம்மாவும் பெரியப்பாவும் அயல்வீட்டு ஐயாவும். பெற்றோலை மருந்துபோல அளந்து ஒளித்துவைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களைக் கேட்காமல் எழுதப்படும் எந்த வாகன வரலாறும் பாதிதான். ஆனால் குடும்பத்தை வேலைக்குள் இழுக்கும்போது கூடவே வரும் ஆபத்தையும் சொல்லவேண்டும். பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கும். உலர்ந்த நிலையில் உரஞ்சினால் அந்தத் தூசு பிள்ளைகளின் உடம்புக்குள் போகும். ஆகவே நனைத்து உரஞ்ச வேண்டும், அந்நேரம் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் உண்டு; அதைக் காற்றடித்துத் துப்புரவாக்கக் கூடாது. கழிவொயிலைப் பின்வளவில் ஊற்றுவது இந்த மண்ணில் பெருந்தவறு. நம் கிணறுகளுக்கு அடியில் இருப்பது சுண்ணக்கல். ஊற்றியது வெடிப்புகள் வழியே அயலவர் கிணற்றுக்கும் போகும். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய் 2019இல் தீர்ப்பானதை எல்லோரும் அறிவோம். கழிவைக் கானில் அடைத்துக் கராஜ்காரரிடம் ஒப்படையுங்கள்.

இந்த வாரத்துக்குரிய வேலை சிறியது. உரஞ்சத் தொடங்குமுன், ஓட்டுநர் பக்கக் கதவின் உட்புறத்தில் உள்ளங்கை அளவு இடத்தைத் தெரிவுசெய்து, நுண்ணிய உரஞ்சுதாளால் ஈரமாகப் படிப்படியாகத் தேயுங்கள். ஒவ்வொரு பெயின்ற் படையும் வெளிப்பட்டு வளையம் வளையமாகத் தெரியும். அதைப் படமெடுங்கள், எந்த நிறம் எப்போது வந்தது என்று வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேட்டுத் திகதியோடு எழுதுங்கள். நினைவுகள் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். பிறகு முழு வண்டிக்கும் எந்த நிறத்தைப் பூசினாலும் அந்த உள்ளங்கை இடத்தை மட்டும் மூடாமல், தெளிந்த வார்னிஷ் பூசி விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் செசியின் பின்குறுக்குச் சட்டத்தை வெட்டுகிறோம். அது பெரும்பாலும் தேறாது. வெட்டுமுன் அதில் பழைய ஒட்டுகள் எத்தனை, எந்த வகை வெல்டிங் என்பதைப் பார்த்துக் குறித்துவையுங்கள்.