உங்களுக்குத் தெரியுமா? – கடை இருந்த இடத்தில் சினிமா!

● ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு சினிமா அருங்காட்சியகம் நடத்துகிறது. அது இயங்கும் கட்டடம், 1939-ல் 'மே கம்பெனி' என்ற பல்பொருள் அங்காடிக்காகக் கட்டப்பட்டது!

● காரில் வருபவர்களின் கண்ணில் தூரத்திலேயே படவேண்டும் என்பதற்காக, வில்ஷயர் – ஃபேர்ஃபேக்ஸ் சாலை முனையில் தங்க நிற உருளை ஒன்றை எழுப்பினார்கள். பார்ப்பதற்கு ராட்சத சென்ட் பாட்டில் மாதிரி இருக்கும். கார் நிறுத்த இடம் கடைக்குப் பின்புறம்.

● 1990-களின் தொடக்கத்தில் கடை மூடப்பட்டது. 1992-ல் நகர நிர்வாகம் கட்டடத்தை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. 1994-ல் பக்கத்திலிருந்த கலை அருங்காட்சியகம் அதை விலைக்கு வாங்கியது. சினிமா அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 2021 செப்டம்பர் 30-ல்.

● அந்த உருளையில் பதித்திருக்கும் தங்கச் சில்லுகள் சுமார் 3,50,000. கண்ணாடிக்குள் மெல்லிய தங்கத் தகட்டை வைத்துச் செய்தவை. புதுப்பித்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மாற்ற வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் சில்லுகளைச் செய்து கொடுத்த வெனிஸ் நகரின் 'ஒர்சோனி' நிறுவனத்திடமே மீண்டும் வாங்கிப் பதித்தார்கள்!

● உள்ளே எஸ்கலேட்டருக்கு மேலே தொங்குகிறது 25 அடி நீளச் சுறா. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஜாஸ்' (1975) படத்துக்கான அச்சிலிருந்து ஃபைபர் கிளாஸில் வார்த்தது. படப்பிடிப்பில் பயன்படுத்திய சுறாக்கள் அழிந்துவிட, இது மட்டும் ஒரு பழைய இரும்புக் கடையில் பல ஆண்டுகள் கிடந்து தப்பியது. லிஃப்ட்டில் அடங்காததால், 2020-ல் ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி, கிரேனில் தூக்கி உள்ளே இறக்கினார்கள்.

● 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் ஜூடி கார்லண்ட் அணிந்த சிவப்புக் காலணிகளில் ஒரு ஜோடி இந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மூலக் கதையில் அவை வெள்ளிக் காலணிகள்; டெக்னிகலர் திரையில் எடுப்பாகத் தெரியவே சிவப்பாக்கினார்கள். படம் வெளியானதும் கட்டடம் திறக்கப்பட்டதும் ஒரே ஆண்டில்!

● 1946-ல் சேர்த்த பின்பகுதியை மட்டும் இடித்துவிட்டு, அங்கே இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ ஒரு பிரம்மாண்டமான கோளத்தை அமைத்தார். அதற்குள் 1,000 இருக்கைகள் கொண்ட திரையரங்கு. மேலே 1,500 கண்ணாடிப் பலகைகளாலான கூரை. அங்கு நின்றால் ஹாலிவுட் மலைகள் தெரியும். பூகம்ப அதிர்ச்சியைத் தாங்க, கோளத்தின் அடியில் அதிர்வைக் குறைக்கும் தாங்கிகள் உண்டு. பழைய கட்டடத்தோடு அதை இணைப்பவை பாலங்கள்தான்.

● எதை இடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்துப் பார்த்தார்களே, அதுதான் இந்தப் பணியின் பெருமை. பழைய கட்டடம் எதையும் இடிக்கும் முன், எந்த ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி அது!