வேலையும் வீடும் ஒரே பட்டியலில்: தேவையானதை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது எப்படி?

கைப்பேசியில் நினைவூட்டல் வைக்கும் வசதி இன்று எல்லாரிடமும் இருக்கிறது. ஆனாலும் சாலை வரி முடிந்த பிறகுதான் பலருக்கு நினைவு வருகிறது. அம்மாவின் கிளினிக் அட்டையில் எழுதியிருந்த தேதி தாண்டிப் போகிறது. ஷிப்ட் அட்டவணை ஒரு வாட்ஸ்அப் குழுவில், பிள்ளையின் பள்ளி அறிவிப்பு இன்னொரு குழுவில், மின்சாரக் கட்டணச் சீட்டு குளிர்பெட்டிக் கதவில் என்று ஒவ்வொன்றும் ஓரிடத்தில் கிடக்கிறது.

தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டிலேயே அன்றைய வேலை சொல்லப்பட்டுவிடும். கிராணியும் மண்டோரும் பிரித்துக் கொடுத்ததைச் செய்தால் போதும். கணக்கு செக்ரோலில் ஏறிவிடும். வீட்டு வேலையை மட்டும் யாரும் பெரட்டில் படித்ததில்லை. அது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் மனக்கணக்கிலேயே ஓடியது. இப்போது கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் அந்த மனக்கணக்கு தாங்குவதில்லை. எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும்.

வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு பட்டியல் வைப்பவர்கள் உண்டு. நாளடைவில் ஒன்றைப் பார்த்து மற்றதை மறந்துவிடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதி, வேண்டிய நேரத்தில் வேண்டியதை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது இதைவிட எளிது. அதற்கு வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றே போதும்.

வெறும் எழுத்துக் கோப்பு என்றால் என்ன?

வண்ணம், படம், கட்டம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டுமே உள்ள கோப்பு இது. கணினியில் நோட்பேட் திறந்து எழுதுவது இந்த வகைதான். மிகச் சிறியதாக இருப்பதால் பழைய கைப்பேசியிலும் திறக்கும். இணைய இணைப்பு தேவையில்லை. ஒரு செயலி மூடப்பட்டாலும் கோப்பு கையில் இருக்கும், வேறொரு செயலியில் திறந்துகொள்ளலாம்.

இப்படி வேலைகளைக் குறித்து வைக்க இரண்டு முறைகள் உலகளவில் பெயர் பெற்றவை. ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஜீனா திரபானி 2006-இல் தொடங்கிய 'டூடூ டெக்ஸ்ட்'. ஒரு வரிக்கு ஒரு வேலை என்பதே அதன் அடிப்படை. மற்றொன்று, கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-இல் உருவாக்கிய 'ஆர்க் மோட்'. இது ஈமாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் இயங்குகிறது. கணினியில் பழக்கம் உள்ளவர்களுக்கு ஏற்றது.

அடையாளம் இடுவது

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அது எந்த வகை வேலை என்பதற்கு ஓர் அடையாளம் இட வேண்டும். நாள் குறிக்கப்பட்ட வேலை என்றால் கெடுவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு லோரி ஓட்டுநரின் பட்டியல் இப்படி இருக்கலாம்:

லோரியைப் பரிசோதனைக்கு அனுப்ப @வேலை கெடு:2026-03-12
மிகைநேரப் படிவத்தை மேற்பார்வையாளரிடம் கொடுக்க @வேலை
கார் காப்புறுதி, சாலை வரி புதுப்பிக்க @வீடு கெடு:2026-03-20
சமையலறைக் கூரை ஒழுகலை அடைக்க @வீடு
அம்மாவுக்கு அரசாங்கக் கிளினிக்கில் மருந்து எடுக்க @வீடு @பகல் கெடு:2026-03-10

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 'கெடு:2026-03' என்று தேடினால் மார்ச் மாதத்தில் முடிக்க வேண்டியவை எல்லாம் கிடைத்துவிடும்.

தமிழில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

தமிழ்ச் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது உருமாறும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்', 'வீட்டுக்கு' என்று எழுதிய வரிகள் கிடைக்காது. எனவே வாக்கியத்தில் வரும் சொல்லை நம்பாமல், '@வீடு' என்ற அடையாளத்தை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எழுத வேண்டும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒரு விசைப்பலகை கொம்பையும் காலையும் ஒரே குறியாகப் பதியும். இன்னொன்று இரண்டாகப் பிரித்துப் பதியும். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் தேடலில் சில செயலிகள் தவறவிடும். அடையாளச் சொற்களில் இவ்வகை எழுத்துகள் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது. வீடு, வேலை, பகல் மூன்றிலும் அந்தச் சிக்கல் இல்லை.

வடிகட்டிப் பார்ப்பது

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மார்க்கோர் என்ற இலவசச் செயலி டூடூ டெக்ஸ்ட் முறையைப் புரிந்துகொள்கிறது. கணினியில் நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற மென்பொருளில் '@வேலை' என்று தேடி, கிடைத்த எல்லா வரிகளையும் பட்டியலாகக் காட்டச் சொல்லலாம்.

ஆர்க் மோட் இதைவிட ஒரு படி மேலே போகிறது. தனித்தனிக் கோப்புகளில் இருப்பதையும் திரட்டி, நாள்வாரியாக ஒரே திரையில் காட்டும். வீடு, வேலை ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் ஒரு வேலைக்கு இட முடியும் என்று முன்கூட்டியே கட்டுப்பாடு வைக்கலாம். ஒரு கோப்பு முழுவதற்கும் ஒரே அடையாளத்தைத் தலைப்பில் இட்டால், உள்ளே உள்ள ஒவ்வொரு வேலைக்கும் அது தானாகப் பொருந்தும். கெடு உள்ள வேலையை 14 நாள்களுக்கு முன்பிருந்தே நினைவூட்டத் தொடங்குவது அதன் இயல்பான அமைப்பு. இதைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

நடுவில் விழும் வேலைகள்

வேலை, வீடு என்று இரண்டாகப் பிரித்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால், கைவிட்டுப் போவது பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் இருப்பவைதான். கிளினிக்கில் மருந்து எடுப்பது, வங்கி முகப்பில் கையெழுத்துப் போடுவது, 12 வயதான பிள்ளைக்கு மைகார்டு எடுப்பது எல்லாம் வீட்டுக் காரியங்கள். ஆனால் அவற்றைச் செய்யக்கூடிய நேரம் வேலை நேரம். பகலில் '@வேலை' பட்டியலைப் பார்க்கிறவர் கண்ணில் அவை படாது. இரவில் '@வீடு' பட்டியலைத் திறக்கும்போது முகப்புகள் மூடியிருக்கும்.

இதற்காகத்தான் மேலே உள்ள பட்டியலில் '@பகல்' என்ற மூன்றாவது அடையாளம் இருக்கிறது. காலையில் வேலை தொடங்குமுன் அதை ஒருமுறை வடிகட்டிப் பார்த்தால், உணவு இடைவேளையில் எதை முடிக்கலாம், எதற்கு முன்கூட்டியே விடுப்புக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். காரியம் யாருடையது என்பதோடு, அதை எப்போது செய்ய முடியும் என்பதையும் அடையாளம் சொல்ல வேண்டும்.

அந்த நேரம் எல்லாருக்கும் ஒன்றல்ல. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; பினாங்கில் சனியும் ஞாயிறும். சுங்கைப் பட்டாணியில் குடியிருந்து பிறையில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவருக்கு ஞாயிறு விடுமுறை என்றால், அன்று கெடாவில் அரசாங்க அலுவலகங்கள் திறந்திருக்கும். அவர் '@ஞாயிறு' என்று ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால், சம்பளம் இழக்காமலும் விடுப்பு எடுக்காமலும் பல காரியங்களை முடித்துக்கொள்ளலாம்.

வடிகட்டி மறைத்துவிடக்கூடாது

வடிகட்டியில் ஓர் ஆபத்தும் உண்டு. '@வேலை' மட்டும் தெரியும்படி வைத்துவிட்டு நாள்கணக்கில் அப்படியே விட்டால், 20-ஆம் தேதி முடியும் சாலை வரி திரைக்கு வெளியே காத்திருக்கும். ஆர்க் மோட் பட்டியலும் இதற்கு விலக்கில்லை. வடிகட்டி போட்டால் அடையாளம் பொருந்தாத வேலை, கெடு நெருங்கினாலும், மறைந்துவிடும். நிமிர்ந்த கோட்டுக் குறியை ஒருமுறை தட்டினால் எல்லா வடிகட்டிகளும் நீங்கி முழுப் பட்டியலும் தெரியும்.

ஆகவே ஒரு வழக்கம் வேண்டும். நாளுக்கு ஒருமுறை, எந்த அடையாளமும் இல்லாமல் 'கெடு:' என்று மட்டும் தேடிப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை முழுப் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் படித்து, முடிந்ததை நீக்க வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது. யார் தலையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது அப்போது இருவருக்கும் தெரியும்.

பாதுகாப்பும் முக்கியம்

வெறும் எழுத்துக் கோப்புக்குப் பூட்டு இல்லை. திறந்தவர் யாராக இருந்தாலும் படிக்க முடியும். எனவே வங்கிக் கடவுச்சொல், அடையாள அட்டை எண் போன்றவற்றை அதில் எழுதக்கூடாது. நிறுவனம் கொடுத்த கைப்பேசியிலோ கணினியிலோ வீட்டுக் காரியங்களை வைக்காமல் சொந்தக் கருவியில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலையை விட்டு வரும் நாளில் கருவியைத் திருப்பிக் கொடுத்தால் பட்டியலும் அதோடு போய்விடும். ஒரே கோப்பை இருவர் பகிர்ந்துகொண்டால், இருவரும் ஒரே நேரத்தில் திருத்தாமல் பார்த்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் எழுதியதை மற்றவருடையது அழித்துவிடலாம்.

தொடங்குவதற்குக் கணினி அறிவு அதிகம் தேவையில்லை. இன்றைக்கு நினைவில் இருக்கும் பத்துக் காரியங்களை வரிக்கு ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றின் கடைசியிலும் ஓர் அடையாளம் இட்டால் பட்டியல் தயார். நாளைக் காலை வீட்டைவிட்டுக் கிளம்புமுன் '@பகல்' என்று தேடிப் பார்ப்பதிலிருந்து பழக்கத்தைத் தொடங்கலாம்.