மிதிவண்டியும் ஆற்றங்கரைப் பாசறையும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர்க்குக் காவிரியும், அதற்கப்பால் தென்னஞ்சோலைகளுக்கிடையே திருவரங்கத்தின் கோபுரங்களும், அவற்றிற்கும் அப்பால் வெண்மணல் விரிந்த கொள்ளிடமும் தோன்றும். இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட இந்நிலம் ஒரு தீவாகும். மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரியுமிடத்தில் அது தொடங்குகிறது. கிழக்கே கல்லணைக்கு அருகில் முடிகிறது. பேருந்தில் விரைவோர் இதன் அழகைக் காணார். கால்நடையாகச் செல்வதோ இரண்டு நாள் விடுமுறைக்கு ஒவ்வாது. இத்தீவைக் கண்டு வர ஏற்றது மிதிவண்டியே.

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு பயணம் செய்யும் வழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பியவர் தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்பவர். அவர் இலண்டன் நகரத்துத் தையற்காரர். ஆதலின் சிறு பொட்டலமாக மடிக்கத்தக்க இலேசான கூடாரங்களைத் தாமே வகுத்தார். 1897இல் நண்பர் சிலருடன் அயர்லாந்தின் மேற்குக் கடலோரமாகிய கானமாராவில் மிதிவண்டியிற் சென்று பாசறையிட்டுத் தங்கி, மறு ஆண்டில் அதனை நூலாக எழுதினார். 1901இல் மிதிவண்டிப் பாசறையாளர் சங்கமும் அவர் முயற்சியால் தோன்றியது. நம் நாட்டினரும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். 1923இல் பம்பாயிலிருந்து இளைஞர் அறுவர் மிதிவண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் மூவரே சுற்றி முடித்து 1928இல் ஊர் திரும்பினர். புறப்பட்டவர் அனைவரும் ஒருங்கே திரும்புதல் எவ்வளவு அரிது என்பது இதனால் விளங்கும்.

நம் மாணவர் பத்துப்பேர் ஆசிரியர் ஒருவருடன் பொங்கல் விடுமுறையில் புறப்படுவதாகக் கொள்வோம். அப்போது மழை ஓய்ந்திருக்கும்; வெயிலும் கடுமையாக இராது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பெற்று ஜனவரி 28ஆம் நாள் மூடப்பெறுவதால், காவிரியில் நீரும் ஓடிக்கொண்டிருக்கும்.

சுமையை முதுகில் தொங்கவிடலாகாது. பின்புறக் கேரியரில், இரு பக்கமும் எடை ஒத்திருக்குமாறு தாழக் கட்டவேண்டும். சுமை உயர்ந்தால் வளைவில் வண்டி சாயும். விரைவாக ஓட்டுபவனை முன்னே விட்டால் குழு ஒரு நாழிகைக்குள் சிதறிவிடும். ஆதலின் வழி அறிந்தவர் முன்னே செல்ல, அவரை அடுத்து வலிமை குறைந்தவன் செல்லவேண்டும். அவன் வேகமே அனைவருடைய வேகமும் ஆகும். இது சிலருக்குப் பிடிக்காது; முதல் ஐந்து கிலோமீட்டர் வரையில் முணுமுணுப்பார்கள். பம்பும் ஸ்பானரும் உடையவன் இறுதியில் வரவேண்டும். அவனுக்குப் பின்னே ஒருவரும் இருத்தலாகாது.

முதல் நாள் விடியலில் திருவரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து தென்கரையை அடைந்து, கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் வழியாக முக்கொம்பு சேரலாம். அங்குள்ள மேலணை 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரால் கட்டப்பட்டது. கண்டு மீண்டு, நண்பகலில் திருவரங்கத்தில் இளைப்பாறியபின், மாலையில் திருவானைக்காவிலிருந்து கல்லணை செல்லும் சாலையில் திரும்பவேண்டும். ஒருபுறம் காவிரி, மறுபுறம் வாழைத்தோட்டங்கள். திருவளர்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி எனச் சிற்றூர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

பாசறை எங்கே அமைப்பது? இதுவே பயணத்தின் தலையாய வினா. கொள்ளிடத்தின் மணற்பரப்பு கண்ணைக் கவரும், மெத்தைபோல் இருக்கும், கொசுவும் குறைவு. எனினும் அங்கே ஓர் இரவும் தங்கலாகாது. காரணம் இது: கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்ந்தது, அகன்றது. ஆகவே பாசனத்திற்கு வேண்டிய நீரைக் காவிரியில் விட்டு, மிகுந்த வெள்ளம் முழுவதையும் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்புவர். உள்ளூரில் ஒரு துளி மழையும் இல்லாத இரவிலும், தொலைவில் பெய்த மழையின் நீர் மணலை மூடக்கூடும். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு, அவ்வெள்ளத்தின் வேகத்தால் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த அணையின் ஒன்பது மதகுகள் தூண்களோடு அடித்துச் செல்லப்பட்டன. இரும்பும் கல்லும் நில்லாத இடத்தில் துணிக்கூடாரம் எம்மாத்திரம்! காவிரியில் குளிப்பதும் ஊரார் இறங்கும் படித்துறையிலேதான். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும்.

ஆதலின் பாசறைக்கு ஊரையொட்டிய மேட்டு நிலமே தக்கது. உரியவரிடம் முன்னரே இசைவு பெறுதல் வேண்டும். பள்ளித் திண்ணை கிடைத்தால் கூடாரமும் வேண்டுவதில்லை. சமைத்த அடுப்பில் நீர் ஊற்றியபின் சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்தே உறங்கச் செல்லவேண்டும்.

கரையோரப் பாதையில் கருவேல முள் மிகுதி. காலையில் யாரேனும் ஒருவன் டயர் காற்றிழந்து கிடப்பது உறுதி. டியூபை வெளியே எடுத்துக் காற்றடித்து நீரில் அமிழ்த்தினால், குமிழி எழும் இடமே ஓட்டை. அவ்விடத்தைத் துடைத்து உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவி, அது சற்றுக் காய்ந்தபின் ஒட்டுத்துண்டை அழுத்தவேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் ஒரு கல் தூரத்திற்குள் மீண்டும் இறங்க நேரும். டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளை எடுக்க மறப்பவர் பலர்!

இரண்டாம் நாள் முற்பகலில் கல்லணையை அடையலாம். கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் இவ்வணை ஏறத்தாழ 329 மீட்டர் நீளமுடையது. ஆற்று மணலில் பெருங்கற்களை இட்டு அவை அமிழ அமிழ மேலும் கற்களை அடுக்கி அமைத்த அடித்தளம் காட்டனை வியப்பில் ஆழ்த்தியது. இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என நீர் பிரிந்து தஞ்சை வயல்களுக்குச் செல்கிறது.

பிரிந்த காவிரியின் கரைவழியே சென்றால் திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை கடந்து பூம்புகார்க் கடற்கரையை அடையலாம். அது நான்கு நாட் பயணம். கோடை விடுமுறைக்கு உரியது. இம்முறை, வெயில் ஏறுமுன் வண்டிகளைத் திருவரங்கம் நோக்கித் திருப்பி, ஆட்களை ஒருமுறை எண்ணிக்கொள்ளவேண்டும்.