பற்பாலமும் அதன் பழுதறியும் முறையும்

பல் போனால் சொல் போயிற்று என்பது பழமொழி. சொல் மட்டுமோ? ஊணின் சுவையும், முகத்தின் பொலிவும், செரிமானத்தின் முதற்படியாகிய மெல்லுதலும் அதனுடன் குறைகின்றன. ஆதலின் இழந்த பல்லின் இடத்தை நிரப்ப மாந்தர் நெடுங்காலமாகவே முயன்று வந்துள்ளனர். கி. மு. 7-ஆம் நூற்றாண்டளவிலேயே இத்தாலி தேசத்தில் வாழ்ந்த எத்துருஸ்கர் என்னும் மக்கள், மெல்லிய பொற்பட்டையினால் மாற்றுப் பல்லை அருகிலுள்ள நற்பற்களோடு பிணைத்துக்கொண்டனர். அத்தகைய பொற்பட்டைகள் கல்லறைகளினின்றும் அகழ்ந்தெடுக்கப்பெற்றுள்ளன.

இந்நாளில் பல் வைத்தியர் அமைக்கும் நிலையான கட்டுப் பல்லைப் 'பிரிட்ஜ்' என்று வழங்குகிறோம். தமிழிற் பற்பாலம் எனலாம். நம் இல்லங்களிற் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் இதனை அணிந்திருக்கக் காண்கிறோம். அணிந்தோர் பலர், 'வலி இல்லை. ஆதலின் குற்றமும் இல்லை' என்றெண்ணி வாளா இருந்துவிடுகின்றனர். இவ்வெண்ணம் பெருந்தீங்கு விளைப்பதாகும். பற்பாலத்தின் பழுது பெரும்பாலும் வலியின்றியே தொடங்குகிறது. வலி தோன்றுங்காலத்தில், காத்தற்குரிய பல் கைகடந்து போயிருத்தலும் உண்டு. ஆகவே, வலிக்கு முன்னே தோன்றும் குறிகள் யாவை, அவற்றுள் தாமதம் பொறுப்பன எவை, பொறாதன எவை என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பாலத்தின் அமைப்பு

பழுதை அறியுமுன் அமைப்பை அறிதல் வேண்டும். பல் விழுந்த இடத்தின் இருமருங்கும் நிற்கும் பற்களைப் பல் வைத்தியர் சுற்றிலும் அராவிச் சிறிதாக்குகிறார். அவற்றின்மீது தொப்பி போன்ற இரண்டு உறைகள் பொருந்துகின்றன. அவ்வுறைகளின் நடுவே, அவற்றோடு ஒன்றாகச் சேர்த்துச் செய்யப்பெற்ற போலிப் பல் நின்று இடைவெளியை நிரப்புகிறது. உறைகள் பற்களோடு சிமெண்டினால் ஒட்டப்படுகின்றன. போலிப் பல்லுக்கு வேர் இல்லை. அது எலும்பில் ஊன்றுவதுமில்லை. ஆகையால் மெல்லும்போது மூன்று பற்களின் பாரத்தையும் இரண்டு பற்களின் வேர்களே சுமக்கின்றன. இவ்விரண்டையும் தாங்குபற்கள் என்போம்.

உறைகள் உலோகத்தாலோ, உலோகத்தின்மேற் படிந்த பீங்கானாலோ, சிர்க்கோனியா என்னும் வன்பொருளாலோ ஆக்கப்படுவன. இவற்றிற்குச் சொத்தை வருவதில்லை. ஆயின், உறையின் விளிம்பு முடிந்து இயற்கைப் பல் தொடங்குகின்ற மெல்லிய வரை ஒன்று உண்டு. கிருமிகள் தங்குவதும், அவை உண்டாக்கும் அமிலம் பல்லை அரிப்பதும் அவ்வரையிலேயாம். 'பாலம் கெட்டுவிட்டது' என்று நாம் கூறும்போது, பல சமயங்களிற் பாலம் கெடாமலே இருக்க, அதனைத் தாங்கும் தூண் கெட்டிருக்கிறது. அணிந்தோர் கண் வைக்கவேண்டிய இடமும் அதுவே.

வலி பிந்தி வருவதேன்?

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, தாங்குபற்களுட் சிலவற்றிற்கு வேர்ச் சிகிச்சை செய்யப்பட்டிருக்கும். அதாவது, பல்லினுள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ் நீக்கப்பட்டிருக்கும். அத்தகைய பல் உள்ளே எவ்வளவு அரிக்கப்பட்டாலும் குளிரையோ வெப்பத்தையோ உணர்த்த வல்லதன்று.

இரண்டாவது, ஓர் உறையின் சிமெண்டு கரைந்து விட்டுப்போனாலும், மற்றோர் உறை பாலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாலம் விழாமையால் அணிந்தவர் ஐயுறுவதில்லை. ஆனால் ஒவ்வொரு கவளம் மெல்லும்போதும், விட்டுப்போன உறை சிறிதே எழுந்தும் அமர்ந்தும் உமிழ்நீரையும் உணவின் சாரத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவ்விருட்டறையிற் பல் மறைவாக மெத்தென்றாகிக் கரைகிறது. உலோக உறையை எக்ஸ்ரே ஊடுருவாமையால், இது வைத்தியருக்கும் எளிதிற் புலப்படுவதன்று.

மூன்றாவது, ஈற்று நோயும் அதனால் உண்டாகும் எலும்புத் தேய்வும் இயல்பாகவே வலி குன்றியவை.

பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2004-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கு இதனை விளக்கும். 10 ஆண்டுகள் கழிந்தபின் நூற்றுக்கு ஏறக்குறைய 89 பாலங்கள் வாயில் நிலைத்திருந்தன. ஆயின் யாதோர் இடையூறுமின்றி இருந்தவை ஏறக்குறைய 71 மட்டுமே. நிற்கின்ற பாலம் அனைத்தும் நலமுள்ள பாலம் அன்று என்பது இதனாற் பெறப்படும்.

முன்னறிவிக்கும் குறிகள்

முதற்குறி அசைவு. தூய கைவிரல் இரண்டினாற் பாலத்தை மெல்லப் பற்றி அசைத்துப் பார்த்தால், அது சிறிதும் ஆடலாகாது. மேலும் கீழுமாக இலேசாக அழுத்தும்போது உறையின் விளிம்பில் உமிழ்நீர்க் குமிழிகள் தோன்றுமாயின், சிமெண்டு விட்டுப்போயிற்று என்று ஐயுறல் வேண்டும். மெல்லும்போது 'டக்' என்ற ஒலி கேட்பதும் இவ்வகையதே. சோதிக்கிறேன் என்று வலிந்து இழுத்தல் கூடாது.

இரண்டாங்குறி நாற்றமும் சுவைவேறுபாடும். பல் துலக்கிய பின்னும் ஓரிடத்தினின்றே தீநாற்றம் வருதல், அல்லது உவர்ப்போ கசப்போ அவ்விடத்தில் ஊறுதல், உள்ளே அழுகலோ சீழோ உண்டென்பதற்கு அடையாளமாகலாம்.

மூன்றாங்குறி ஈற்றின் மாறுதல். நல்ல ஈறு இறுகிப் பல்லைத் தழுவி நிற்கும்; துலக்கும்போது குருதி கசியாது. பாலத்தைச் சுற்றி மட்டும் ஈறு சிவந்து வீங்கிக் குருதி கசியுமாயின், அழுக்கு தங்குகிறதென்றோ விளிம்பு பொருந்தவில்லையென்றோ கொள்க. வேர்ப்பக்கத்து ஈற்றிற் சிறு கொப்புளம் தோன்றி, உடைந்து, ஆறி, மீண்டும் தோன்றுமாயின், அது வேர்நுனியிலுள்ள சீழ் வெளியேறும் வாயில். சீழ் வடிவதனால் வலியிராது. வலியின்மையைக் கண்டு இதனைப் புறக்கணிப்போர் பலர்.

நான்காங்குறி கூச்சம். குளிர்நீர் பட்டவுடன் சுரீரென்று தோன்றி உடனே மறைவது, ஈறு இறங்கி வேர் வெளிப்பட்டதனால் ஆகலாம். காரணம் நீங்கிய பின்னும் கூச்சம் நெடுநேரம் நிற்பதும், சுடுபொருளால் வலி மிகுவதும், உறக்கத்தைக் கலைக்கும் வலியும் பற்கூழ் நோயுற்றமையைக் காட்டும். இங்கே ஒன்று நினைவில் வைத்தல் வேண்டும். பல நாள் வருத்திய வலி ஒருநாள் தானே நின்றுவிடுமாயின், நோய் தீர்ந்ததென்று மகிழ்தல் தவறு. நரம்பு இறந்துபட்டமையால் வலி நின்றிருத்தல் கூடும். நோயோ வேரின் வழியே கீழிறங்கிக்கொண்டிருக்கும்.

ஐந்தாங்குறி கடியின் வேறுபாடு. வாயை மூடும்போது பாலமே முதலிற் படுதலும், கடித்தால் நோதலும் இதன்பாற்படும். புதிதாக அமைத்த பாலம் சில நாட்கள் சிறிது கூசுதல் இயல்பு. அது நாள்தோறும் குறைந்து வருதல் வேண்டும். ஆயின் 'உயரமாயிருக்கிறது, பழகிவிடும்' என்று பொறுத்திருத்தல் நன்றன்று. மிகையான பாரம் தாங்குபல்லை வருத்தும். அதனைச் சிறிது அராவிச் சரிசெய்தல் வைத்தியருக்குச் சில நிமிட வேலையே.

ஆறாங்குறி உடைவும் விளிம்பின் தோற்றமும். பாக்கு, முறுக்கு, கரும்பு முதலியவற்றைக் கடிப்பதனாலும், இரவிற் பல்லை நறநறவென்று கடிப்பதனாலும் பீங்கான் சிதறலாம். சிறு சிதைவை மெருகிட்டுத் திருத்தலாம். கூரிய முனை நாவையும் கன்னத்தையும் அறுக்குமாதலின் அதனை விட்டுவைத்தலாகாது. ஈற்றோரத்திற் கருங்கோடு தோன்றினால் அஞ்சவேண்டுவதில்லை. ஈறு இறங்கியதனால் உலோக விளிம்பு வெளிப்பட்டிருக்கலாம். எனினும் வெளிப்பட்ட வேர் எளிதிற் சொத்தையுறும் ஆதலின், வைத்தியரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளல் நலம்.

ஏழாங்குறி, முன்பு சிக்காத இடத்தில் உணவு சிக்குதலும், பல்லிடுக்கிற் செலுத்தும் நூல் புதிதாகப் பிய்ந்துபோதலுமாம். விளிம்பில் இடைவெளி ஏற்பட்டதற்கு இவை சான்று.

காலம் தாழ்த்தலாகாதவை

கூறிய குறிகளுள் நாற்றம், குருதிக் கசிவு, சிறு சிதைவு முதலியவற்றிற்குச் சில நாட்களுக்குள் வைத்தியரைக் காணல் போதும். அசைவும், நீடித்த வலியும், சீழ்க் கொப்புளமும் கண்டால் ஓரிரு நாட்களுக்குள் செல்க. முகமோ தாடையோ வீங்கினால் அன்றே செல்லல் வேண்டும். வீக்கத்துடன் காய்ச்சல், வாய் திறக்க இயலாமை, நாவின் கீழ்ப்பகுதி வீங்கி மேலெழுதல், விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்படுதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும், இரவாயினும் பகலாயினும் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும். கீழ்த்தாடைப் பல்லின் சீழ் கழுத்துப் பக்கம் பரவி மூச்சுவழியை அடைக்கும் கொடிய நிலையை லுட்விக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1836-ஆம் ஆண்டிலேயே விவரித்துள்ளார். பல் நோய் உயிர்க்கும் இறுதி விளைக்கும் என்பதற்கு இது சான்று. நீரிழிவு உடையோர் மற்றையோரினும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அவர்க்கு ஈற்று நோய் எளிதிற் பற்றும், புண்ணும் தாமதித்தே ஆறும்.

இலவங்கத் தைலம் தடவுவதும், மருந்துக் கடையில் தாமே மாத்திரை வாங்கி உண்பதும் வலியைச் சிறிது மறைக்கலாம், மூலத்தை நீக்கமாட்டா. நோயின் காரணம் உறையின் கீழோ வேரின் நுனியிலோ இருக்க, மாத்திரை முடிந்ததும் அது மீண்டும் தலையெடுக்கும்.

பாலம் கழன்று விழுந்தால்

கழன்ற பாலத்தை எறிந்துவிடுதல் கூடாது. அதனைக் கழுவிச் சிறு சிமிழிலிட்டு வைத்தியரிடம் கொண்டுசெல்க. தாங்குபற்கள் நலமாயிருப்பின் அதனையே மீண்டும் ஒட்டுதல் இயலும். மரமும் பிளாஸ்டிக்கும் ஒட்டும் பசையைக் கொண்டு வீட்டிலேயே ஒட்டுவது பெருந்தவறு. அப்பசை ஈற்றைப் புண்ணாக்கும். பாலம் கோணலாக ஒட்டிக்கொண்டால், எடுக்கும்போது பல்லே உடையலாம். தளர்ந்த பாலத்தோடு உறங்குதலும் ஆகாது. அது தொண்டையில் இறங்கி மூச்சுக்குழலில் தங்கக் கூடும். வைத்தியரைக் காணுமளவும் மறுபக்கத்தாற் மெல்லுக. தெருவோரத்திற் பல் கட்டுவோர் சிலர், பசையைக் குழைத்துப் பக்கத்துப் பற்களிலும் ஈற்றிலும் அப்பிப் போலிப் பல்லை நிறுத்துவர். அதன்கீழ்த் துலக்க வழியின்மையால் நற்பற்களும் கெடுகின்றன. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டிலே இயற்றப்பெற்ற சட்டத்தினால் பல் வைத்தியர்க்குப் பதிவேடு ஏற்பட்டது. பதிவு பெற்ற வைத்தியரையே நாடுதல் அறிவுடைமை.

நாள்தோறும் செய்யத்தக்கவை

தினம் இருமுறை துலக்குதலோடு, போலிப் பல்லின் அடியிலும் தூய்மை செய்தல் வேண்டும். பக்கத்துப் பற்கள் ஒன்றாய் இணைந்திருத்தலால் நூலை மேலிருந்து செலுத்த இயலாது. முனை விறைத்த தனி நூலைப் பக்கவாட்டில் ஊசிபோற் கோத்து இழுத்தோ, பல்லிடுக்குத் துலக்கும் சிறு தூரிகையைக் கொண்டோ அழுக்கை நீக்கலாம். வைத்தியர் குறித்த காலத்தில், குற்றமொன்றும் தோன்றாவிடினும், சென்று சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

முற்படச் சென்றால் பழைய பாலத்தை மீண்டும் ஒட்டுவதனாலோ, விளிம்பிலுள்ள சிறு சொத்தையை அடைப்பதனாலோ காரியம் முடியலாம். பிற்படச் சென்றால் தாங்குபல்லைப் பிடுங்க நேரும். அப்போது ஒரு பல்லின் இடைவெளி இரு பல்லின் இடைவெளியாகும். புதிய பாலம் அதற்கப்பாலுள்ள நற்பல்லையும் அராவிக் கால் ஊன்றவேண்டியதாகும். பொருட்செலவும் அதற்கேற்பப் பெருகும். முதியோர் பலர் பிள்ளைகளுக்குச் செலவு வைத்தலாகாதென்று கருதித் தம் வாயின் குறையை வெளியிடார்; ஒருபக்கமாக மென்றும், கடினமான உணவை ஒதுக்கியும் காலங்கழிப்பர். மாணவர்களாகிய நாம் விடுமுறையில் இல்லம் செல்லுங்கால், அவர் உண்ணும் முறையைச் சிறிது உற்று நோக்கி, மேலே கூறிய குறிகளுள் யாதேனும் உண்டோ என்று அன்போடு கேட்போமாக. உண்டெனின், வலி வரும்வரை காத்திராது அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வது நம் கடமையாகும்.