அப்டேட் யார் கையொப்பத்தோடு வருகிறது?

லினக்ஸில் எதையாவது நிறுவச் சொன்னால் கடவுச்சொல் கேட்கும், யோசிக்காமல் தட்டிவிடுகிறோம். அடுத்து நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. டெபியன், உபுண்டு கணினிகளில் ஒவ்வொரு டெப் பேக்கேஜுக்குள்ளும் நிறுவலுக்கு முன்னும் பின்னும் ஓடும் ஸ்கிரிப்டுகள் இருக்கலாம். அவை ரூட் அதிகாரத்தோடு ஓடும். நீங்கள் கேட்டது பாட்டு கேட்கும் செயலிதான் என்றாலும், அந்த பேக்கேஜைக் கட்டியவர் நினைத்தால் உங்கள் கோப்புகள் அத்தனையையும் படிக்கலாம், அழிக்கலாம். ஆகவே ஆப்ட், டிஎன்எஃப், பேக்மேன், ஸ்னாப், ஃப்ளாட்பேக் ஆகிய நிறுவல் கருவிகளில் எது வேகம் என்று பார்ப்பதற்கு முன், எதன் வழியாக வருவதற்கு யார் பொறுப்பு என்று பாருங்கள்.

டெபியன், உபுண்டு போன்ற டிஸ்ட்ரோவின் சொந்தக் களஞ்சியத்தில் பொறுப்பு தெளிவாக இருக்கிறது. ஆப்ட் முதலில் இறக்கும் பட்டியலில் டிஸ்ட்ரோவின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷும் அந்தப் பட்டியலோடு பிணைக்கப்பட்டிருக்கும். இறங்கிய கோப்பில் ஒரு பிட் மாறினாலும் நிறுவல் நின்றுவிடும். வெளிக் களஞ்சியம் ஒன்றைச் சேர்க்கும்போதுதான் சிக்கல். சாவி இல்லாததால் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று பிழை வரும். இணையத்தில் தேடினால், அந்தக் களஞ்சிய வரியில் 'டிரஸ்டட்=யெஸ்' என்று சேர்க்கச் சொல்வார்கள். பிழை மறைந்துவிடும், காவலும் கூடவே போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் களஞ்சியத்தின் சாவியை மட்டும் தனிக் கோப்பில் வைத்து, 'சைன்டு-பை' என்று அதே வரியில் கட்டிவிடுங்கள். பிபிஏ என்ற வெளிக் களஞ்சியத்தைச் சேர்ப்போர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பேக்கேஜின் பெயரிலேயே கூடுதல் பதிப்பு எண்ணோடு அங்கே ஒன்று இருந்தால், ஆப்ட் வழக்கமாக அதைத்தான் எடுக்கும்.

யாரும் பதிவேற்றலாம் என்கிற இடங்களில் ஆபத்து வெறும் ஊகமல்ல. 2018 மே மாதம் ஸ்னாப் ஸ்டோரில் ஒரு 2048 விளையாட்டுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது. 2025 ஜூலையில் ஆர்ச் பயனர் களஞ்சியமான ஏயூஆரில், ஃபயர்ஃபாக்ஸ் உள்ளிட்ட பிரவுசர்களின் பெயரை ஒட்டி வந்த மூன்று பேக்கேஜ்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் தீநிரலைக் கொண்டுவந்தன. அங்கிருந்து எடுப்பவர்கள் பேக்கேஜ்பில்ட் கோப்பைப் படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

டிஸ்ட்ரோ களஞ்சியமும் தவறுக்கு அப்பாற்பட்டதல்ல. 2024 மார்ச்சில், எஸ்எஸ்எச் லாகின் சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸெட் நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்று வைக்கப்பட்டிருந்ததை வெளிக்கொணர்ந்தார். புதுப் பதிப்புகளை உடனுக்குடன் எடுத்த டெபியன் அன்ஸ்டேபிள், ஃபெடோரா ராஹைடு போன்றவற்றுக்குள் அது நுழைந்திருந்தது. டெபியன் ஸ்டேபிளுக்குள் நுழையவில்லை. டெபியன் தந்த தீர்வைக் கவனியுங்கள்: பழைய 5.4.5 நிரலையே '5.6.1+ரியலி5.4.5' என்ற எண்ணில் வெளியிட்டது. எண் கூடியதால் வழக்கமான அப்டேட்டிலேயே கள்ளப் பதிப்பு அகன்றது. கைப்படக் கம்பைல் செய்து வைத்தவருக்கோ, இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி நேராக ரூட்டாக ஓட்டி நிறுவியவருக்கோ இந்த மருந்து தானாக வந்து சேராது. வேலைக்கான கணினிக்கு டிஸ்ட்ரோவின் கருவியையே பரிந்துரைப்பதற்கு எனக்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

உரிமை என்று பார்த்தால், லினக்ஸ் கர்னல் உட்படப் பலவற்றுக்கும் பொருந்தும் ஜிபிஎல் உரிமம், மூல நிரலைப் பெறவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருகிறது; உத்தரவாதம் எதுவும் இல்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. அதனால் நஷ்டஈட்டை எதிர்பார்த்து உட்கார முடியாது. எப்போது அப்டேட் செய்வது என்பது உங்கள் முடிவு. ஆப்டில் 'ஹோல்டு' போட்டு ஒரு பேக்கேஜை நிறுத்திவைக்கலாம். ஸ்னாப் தானாகவே அப்டேட் ஆகும் என்று பலரும் குறைபட்டார்கள். இப்போது 'ரெஃப்ரெஷ்' கட்டளையோடு 'ஹோல்டு' சேர்த்து அதையும் நிறுத்தலாம். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் நிறுத்தாதீர்கள்.

காலாவதியான டிஸ்ட்ரோதான் சத்தமில்லாமல் ஏமாற்றும். உபுண்டு 20.04-க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. அதன் பிறகும் அப்டேட் கட்டளை எந்தப் பிழையும் இல்லாமல் ஓடும். புதிதாகத் திருத்தம்தான் வராது. புதிய பதிப்புக்கு மாற முடியாதவர்கள் உபுண்டு புரோவில் பதிவுசெய்யலாம். சொந்தப் பயன்பாட்டுக்கு 5 கணினிகள் வரை இலவசம்.

அப்டேட்டுக்குப் பின் ஏதாவது கெட்டால் பதற வேண்டாம். ஃபெடோராவில் 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ' பெரும்பாலும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். மின்ட், உபுண்டுவில் முன்கூட்டியே டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருந்தால் அதிலிருந்து மீளலாம். தீநிரல் ரூட்டாக ஓடிவிட்டது என்று தெரிந்தால், அந்த பேக்கேஜை நீக்குவதோடு நிறுத்தாதீர்கள். இணையத்தைத் துண்டியுங்கள், வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள், கோப்புகளைக் காத்துக்கொண்டு சிஸ்டத்தைப் புதிதாக நிறுவுங்கள். அதற்கு இறக்கும் ஐஎஸ்ஓ கோப்பின் கையொப்பத்தையும் சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள் பதிவிறக்க இணைப்பையே கள்ள ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். வங்கிப் பணம் போயிருந்தால் இந்தியாவில் உடனே 1930 எண்ணை அழைத்துப் புகார் பதியுங்கள். தாமதிக்கத் தாமதிக்க, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு குறையும்.