விடிகாலை 4.43-க்கே சூரியன்... வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்துற லண்டன்! ஏன் நிறுத்த முடியலை?

லண்டன் கிளையன்ட்டோட வேலை பார்க்கிறவரா நீங்க? அப்போ இந்தக் குழப்பம் உங்களுக்குப் பழகிப் போயிருக்கும். மார்ச் கடைசி ஞாயிறுக்கு முந்தின வெள்ளி வரைக்கும் மதியம் 2.30-க்கு இருந்த கால், திங்கட்கிழமை 1.30-க்கு வந்து நிக்கும். சாப்பாட்டுத் தட்டோட லேப்டாப் முன்னாடி உட்கார வேண்டியதுதான். அக்டோபர் கடைசியில் மறுபடியும் 2.30. நாம எதையும் மாத்தலை. மாறினது அவங்க கடிகாரம்.

அந்த ஞாயிறு அதிகாலை 1 மணி ஆனதும், பிரிட்டனில் நேரம் நேரா 2 மணிக்குத் தாவிடும். போன் தானாவே மாறிக்கும். சுவர்க் கடிகாரமும் மைக்ரோவேவும் மாறாது. ஸ்டூல் போட்டு ஏறணும், பட்டனை அழுத்திக்கிட்டே நிக்கணும். தூக்கத்தில் ஒரு மணி நேரம் காலி. அக்டோபரில் இது தலைகீழ்: 2 மணி ஆனதும் மறுபடி 1 மணி. மத்தவங்களுக்குக் கூடுதல் தூக்கம். ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற நர்ஸுக்கோ அதே ஒரு மணி நேர வேலை ரெண்டு தடவை.

எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு தோணுதா? சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தோணும். நமக்கு ஜூனில் சூரியன் 5.40-ஐ ஒட்டி வரும், ஜனவரியில் 6.35 வாக்கில் வரும். வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை. பூமத்திய ரேகையில் இருந்து நாம 13 டிகிரி வடக்கே இருக்கோம். லண்டன் 51 டிகிரிக்கும் மேலே. சாய்ந்து சுத்துற பூமியில் மேலே போகப் போக கோடைக்காலப் பகல் நீளும், குளிர்காலப் பகல் சுருங்கும். ஜூன் மாச லண்டனில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேலே. டிசம்பரில் எட்டு மணி நேரம்கூடத் தேறாது.

ஜூனில் அங்கே சூரிய உதயம் காலை 4.43. இதுவே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளின பிறகு வர்ற கணக்கு! தள்ளாமல் விட்டால் 3.43. கனமான திரைச்சீலை போட்டும் இடுக்கு வழியா வெளிச்சம் வந்து எழுப்பும். ஆபீஸுக்கோ இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கும்.

இந்த வீணாகும் வெளிச்சம்தான் வில்லியம் வில்லெட் என்ற கட்டடக் காரரை உறுத்தியது. 1905-ல் ஒரு கோடைக்கால அதிகாலை, லண்டன் ஓரத்தில் குதிரையில் போனவர், நல்லா விடிஞ்ச பிறகும் வீடுகளின் ஜன்னல்கள் மூடியே இருப்பதைக் கவனித்தாராம். மனிதர் கோல்ஃப் பிரியர் வேற; சாயங்காலம் இருட்டிட்டா ஆட்டம் போச்சே! 1907-ல் தன் யோசனையைச் சிறு புத்தகமாகவே போட்டார். ஏப்ரல் மாதத்தின் நாலு ஞாயிறுகளில் இருபது இருபது நிமிஷமா 80 நிமிஷம் முன்னால் தள்ளணும், செப்டம்பரில் அதே மாதிரி பின்னால் இழுக்கணும். வருஷத்துக்கு எட்டு தடவை! ரெண்டோட தப்பிச்சாங்கன்னு சொல்லணும்.

நாடாளுமன்றம் அசையவில்லை. 1915-ல் வில்லெட் இறந்துபோனார். மறு வருஷமே, முதல் உலகப்போரில் நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மனி இதை அமல்படுத்தியது. சில வாரத்தில் பிரிட்டனும் பின்னாலேயே வந்தது.

சரி, ஒரே நேரத்தை வெச்சுக்கிட்டா என்ன?

அதையும் செய்து பார்த்தாங்க. 1968-ல் முன்னால் தள்ளின கடிகாரத்தை 1971 அக்டோபர் வரை பின்னால் இழுக்கவே இல்லை. கோடையில் பிரச்னை இல்லை. குளிர்காலத்தில்தான் வினை. லண்டனில் 8 மணிக்கு மேல் வரவேண்டிய சூரியன் 9 மணிக்கு மேல் வந்தது. ஸ்காட்லாந்தின் வட பகுதியில் 10 மணியைத் தொட்டது. பிள்ளைகள் கும்மிருட்டில் பள்ளிக்கூடம் போனாங்க. சாயங்கால விபத்துகள் குறைஞ்சாலும், காலை இருட்டில் நடந்த விபத்துகள்தான் எல்லார் கண்ணையும் உறுத்தியது. 1970-ல் நாடாளுமன்றம் 366-க்கு 81 என்ற கணக்கில் அந்தச் சோதனையைக் கைவிட்டது.

ஆக, எப்பவும் கோடை நேரம்னா டிசம்பர் காலை இருட்டு. எப்பவும் குளிர்கால நேரம்னா ஜூனில் 3.43 விடியல். மாத்திக்கிட்டே இருந்தா வருஷத்துக்கு ரெண்டு தடவை தலைவலி. மார்ச் மாற்றத்துக்கு அடுத்த சில நாள்களில் மாரடைப்பு கொஞ்சம் கூடுதுன்னு சொல்ற ஆய்வுகளும் இருக்கு. எல்லாரும் இதை ஒழிக்கணும்னு சொல்றாங்க. எந்த நேரத்தில் நிறுத்தறதுன்னு கேட்டாத்தான் சண்டை. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2021-ல் நிறுத்திடலாம்னு 2019-லேயே வாக்களித்தது. நாடுகளுக்குள் ஒத்துப்போகலை, கிடப்பில் கிடக்கு. அமெரிக்க செனட் 2022-ல் நிரந்தரக் கோடை நேரத்துக்கு ஓகே சொன்னது. கீழ்சபையில் நகரவே இல்லை.

நம்ம பக்கத்திலும் இந்த விளையாட்டு நடந்திருக்கு. இரண்டாம் உலகப்போர் சமயத்தில், 1942 முதல் 1945 வரை இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. இலங்கையில் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, அக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்தாங்க. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே ஓடியதால், ஒரே தீவில் ரெண்டு நேரம்! பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில், சாயங்காலத்துக்குக் கொடுக்கிற வெளிச்சத்தைக் காலையில் இருந்துதானே பிடுங்கணும்? பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குக் கிளம்பறாங்கன்னு புலம்பல்தான் மிச்சம். 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பினாங்க.

இப்போ உங்க காலண்டருக்கு வருவோம். அமெரிக்கா மார்ச் ரெண்டாவது ஞாயிறும், நவம்பர் முதல் ஞாயிறும் மாத்தும். பிரிட்டனும் ஐரோப்பாவும் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில். நடுவில் வர்ற நாள்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைவெளி வழக்கமான 5 மணி நேரம் இல்லை, 4 தான். மூணு ஊர் ஆட்கள் சேர்ற கால்களில் பாதிப் பேர் காணாமல் போறது இந்த வாரங்களில்தான். மீட்டிங் லண்டன் நேரத்தில் போடப்பட்டிருந்தால் உங்க காலண்டரில் அது தானா நகரும். இந்திய நேரத்தில் போட்டிருந்தால் நமக்கு நகராது, அவங்களுக்கு நகரும். அதனால் மார்ச் பிறந்ததுமே, இன்வைட் எந்த ஊர் நேரத்தில் இருக்குன்னு ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க.