படுக்கையறையில் ஒரு சித்திர உலகம்



தான் உறங்கும் அறையை ஒருவர் எப்படி வைத்துக்கொள்கிறார் என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நாளின் மூன்றில் ஒரு பங்கை நாம் அந்த அறையில்தான் கழிக்கிறோம். கண் விழித்ததும் முதலில் காண்பதும், கண் மூடுமுன் கடைசியாகக் காண்பதும் அதன் சுவர்களே. அந்தச் சுவர்களில் ஜப்பானிய 'அனிமே' சித்திரங்களை வைக்க வேண்டுமென்று இன்றைய இளைஞர் பலர் விரும்புகின்றனர். நான் குடியிருக்கும் கூடுவாஞ்சேரியிலும் இந்த ஆசையைப் பல வீடுகளில் காண்கிறேன். பெரியவர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. "நம் நாட்டில் படங்களுக்கா பஞ்சம்?" என்று கேட்கின்றனர். பிள்ளைகளோ விடை சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். இரு சாராருக்கும் இடையே நின்று, அனிமே பாணி என்பது உண்மையில் யாது, அதை நம் ஊர்ச் சிறிய அறையொன்றில் அமைப்பது எங்ஙனம் என்பதைச் சற்றே விளக்க விரும்புகிறேன்.

'அனிமேஷன்' என்னும் சொல்லை ஜப்பானியர் சுருக்கி 'அனிமே' என்று வழங்குகின்றனர். அசையும் சித்திரம் என்பது அதன் பொருள். திரைப்படத்தில் வினாடிக்கு 24 படங்கள் நம் கண்முன் ஓடுகின்றன. அத்தனையையும் கையால் வரைவதென்றால் காலமும் பணமும் ஏராளமாக வேண்டும். 1963ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், ஒசாமு தெசூகா என்னும் ஓவியர் தம் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கினார். வாரந்தோறும் ஒரு கதை தரவேண்டும். கையிலிருந்த பணமோ குறைவு. ஆகவே ஒரே சித்திரத்தை மும்முறை படம்பிடித்து, வினாடிக்கு எட்டுச் சித்திரங்களைக் கொண்டே காரியத்தை முடிக்கும் முறையைக் கையாண்டார். உருவம் அசையாதிருக்க, வாய் மட்டும் அசையும். கண்கள் பெரியனவாக இருந்தமையால், அசைவு குறைந்த முகத்திலும் உணர்ச்சி குறையவில்லை.

இந்தச் சித்திரங்களை உருவாக்கிய முறையையும் அறிந்துகொள்வது நல்லது. கண்ணாடி போன்ற செல்லுலாய்டுத் தாளின் முன்பக்கத்தில் உருவத்தின் கோடுகளை வரைவர். பின்பக்கத்தில் வண்ணம் பூசுவர். அந்த உருவம் நிற்கும் இடமாகிய வீடு, தெரு, வானம், மரம் ஆகியவற்றை வேறோர் ஓவியர் காகிதத்தில் தனியே தீட்டுவார். காகிதத்தின்மேல் செல்லுலாய்டை வைத்துப் படம்பிடிப்பர். இன்று பெரும்பாலான வேலையைக் கணிப்பொறி செய்கிறது. எனினும் உருவம் வேறு, பின்னணி வேறு என்னும் பிரிவு மாறவில்லை.

உருவம் எளிமையானது: சில கோடுகள், சில தட்டையான வண்ணங்கள். பின்னணியோ மிக நுணுக்கமானது. மழைக்குப் பின் ஈரமான தெரு, பிற்பகல் வெயில் சாய்ந்து விழும் மாடிப்படி, மேகம் திரண்ட கோடைவானம் ஆகியவற்றைப் பின்னணி ஓவியர் பல நாள் உழைத்துத் தீட்டுகிறார். அத்தகைய படத்தைப் பார்க்கும்போது, 'இந்த இடத்தில் நாமும் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!' என்று ஏங்குகிறோம். அந்த ஏக்கத்தைப் பெரிதும் உண்டாக்குவது பின்னணியே.

நம் இளைஞர்கள் செய்வது என்ன? கதாநாயகர்களின் உருவங்களை மட்டும் வாங்கிச் சுவர் முழுதும் ஒட்டிவிடுகின்றனர். பின்னணியை மறந்துவிடுகின்றனர். ஓர் அறை என்பது பின்னணி அன்றோ? அதில் உலவும் பாத்திரம் அங்கே குடியிருப்பவரே. சுவரிலேயே முப்பது கதாநாயகர்கள் நெருக்கியடித்து நின்றால், குடியிருப்பவருக்கு இடம் ஏது?

ஜப்பானியரின் பழைய வழக்கமும் இதற்குச் சான்று பகர்கிறது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அந்நாட்டில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட சித்திரங்கள் மலிவாகக் கிடைத்தன. முதலில் கருங்கோட்டுக்கு ஒரு கட்டை. பின்னர் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒவ்வொரு கட்டை. ஹொக்குசாய் ஏறத்தாழ 1831இல் வெளியிட்ட பேரலைச் சித்திரம் இம்முறையில் பிறந்ததே. தெளிந்த கோடும் தட்டையான வண்ணமும் அனிமேக்கு அங்கிருந்து வந்த முதுசொம் எனலாம். சாமானியர் இச்சித்திரங்களை வாங்கினர். வீட்டுத் தூணில் தொங்கவிடுவதற்கென்றே நீண்டு ஒடுங்கிய 'தூண் படங்கள்' அச்சிடப்பட்டன. ஒரு தூணுக்கு ஒரு படம் போதும்! வசதியுள்ள வீடுகளில் 'தொக்கொநொமா' என்னும் மாடம் ஒன்று இருக்கும். அதில் ஒரே ஒரு சுருள் ஓவியம் தொங்கும்; அருகே ஒரு பூச்சாடி. பருவம் மாறும்போது ஓவியமும் மாறும். ஏனைய சுவர்கள் வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமைதான் ஓவியத்துக்கு மதிப்பைத் தந்தது.

கோட்டின் அருமையை அறிய நாம் கடல் கடந்து போகவேண்டுவதில்லை. முதலாம் மகேந்திரவர்மனுக்குச் 'சித்திரகாரப்புலி' என்றே ஒரு விருதுப்பெயர் உண்டு. செங்கற்பட்டு வழியாகக் காஞ்சிக்குச் சென்றால் கைலாசநாதர் ஆலயத்தைக் காணலாம். அதன் திருச்சுற்றிலுள்ள சிறு சந்நிதிகளில் பல்லவர் காலத்து ஓவியங்கள் இருப்பதை 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் கண்டறிந்து கூறினார். வண்ணங்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. ஆயினும் எஞ்சி நிற்கும் கோடுகளில் முகத்தின் சாயலையும் விரலின் வளைவையும் இன்றும் காண்கிறோம். நம் வாசலில் போடும் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெறுந்தரையின் நடுவே, கையெடுக்காமல் இழுத்த ஒரு கோடு. சுற்றிலும் சாணம் தெளித்த வெற்றிடம். அனிமே ஓவியரும் கோலம் போடும் நம் அன்னையரும் ஒரே இலக்கணத்தை அறிந்தவர்கள்.

இனிச் செயல்முறைக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒரு வாடகை வீடு. பத்தடிக்குப் பத்தடி அறையில், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பெண்ணும் அவளுடைய பாட்டியும் உறங்குகின்றனர். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது வீட்டுக்காரரின் கட்டளை. அவள் இருபுறமும் ஒட்டும் நாடாவால் படங்களைச் சுவரெங்கும் ஒட்டினாள். ஊதா நிற விளக்குச் சரத்தையும் மாட்டினாள். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் கண்டது. படங்கள் ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தன. விளக்கின் ஒளியில் பாட்டிக்கு உறக்கம் வரவில்லை. "இது என் அறையும்தானே, கண்ணு?" என்று பாட்டி ஒருநாள் மெல்லக் கேட்டாராம். பேத்தியிடம் விடை இல்லை. அதன்பின் அவர்கள் அறையை மாற்றியமைத்த விதத்தையே உங்களுக்கு நான்கு குறிப்புகளாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஒழுங்கு. நம் வீட்டு அறைகளில் பரண் ஒன்று இருக்கும். அதில் பெட்டிகளும் அண்டாக்களும் கண்ணை உறுத்திக்கொண்டிருக்கும். ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டி, ஒரே நிறத் திரையால் பரணை மறைத்தனர். அறையில் பாதிக் குழப்பம் அப்போதே மறைந்தது. எதையும் வாங்குமுன் தேவையற்றதை வெளியேற்றுவதே அலங்காரத்தின் முதற்படி.

இரண்டாவது, நிறம். பின்னணி ஓவியர் சில நிறங்களையே தேர்ந்தெடுத்து, அவற்றை அடர்த்தியாகவும் வெளிறியதாகவும் பலவாறு பயன்படுத்துவார். வெயில் படும் இடம் இளமஞ்சள் என்றால், நிழலைக் கரியதாகத் தீட்டாமல் நீலம் கலந்து தீட்டுவார். அறைக்கும் மூன்று நிறங்கள் போதும். சுவர் வெண்மை, படுக்கை விரிப்பும் திரையும் இளநீலம், தலையணை உறையில் மட்டும் செம்மஞ்சள். சுவருக்கு வண்ணம் பூச இயலாத வாடகை வீட்டில் துணிகளே வண்ணம் தரும்.

மூன்றாவது, படம். பெரிய படம் ஒன்று, அதற்குமேல் வேண்டாம். மரச்சட்டத்தில் காடாத்துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் வரைந்து, மேசைமீது சுவரோரமாகச் சாய்த்து வைத்தால் ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஓதமும் அதை எளிதில் அணுகாது. தனக்குப் பிடித்த கதாநாயகர்களைப் பிரிய மனமில்லாதவர்கள் அதற்காக வருந்த வேண்டாம். அறையிலுள்ள இரும்பு பீரோவின் பக்கவாட்டில் சிறு காந்தங்களைக் கொண்டு அவர்கள் படங்களை வைக்கலாம். வாரம் ஒருவராக மாற்றலாம். தொக்கொநொமாவின் முறையும் அதுவே.

நான்காவது, ஒளி. அனிமேயில் நாம் காணும் அழகிற் பாதி ஒளியின் அழகு. பகலில் மெல்லிய திரையினூடே வரும் வெயிலே போதும். இரவில் படிப்பதற்கு ஒரு மேசை விளக்கு. மற்றபடி இளமஞ்சள் ஒளி. நீலம் மிகுந்த ஒளி, உறக்கத்தை வருவிக்கும் 'மெலடோனின்' என்னும் சுரப்பைக் குறைக்கிறது என்று அறிவியலார் கண்டுள்ளனர். உங்கள் வயதில் நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. ஆகவே எல்.இ.டி. சரம் வேண்டுமானால், அதைப் புத்தக அலமாரிக்குப் பின்னால், ஒளி சுவரில் பட்டுத் திரும்புமாறு அமையுங்கள். உறங்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே அணைத்துவிடுங்கள். மின்சாரத்தைக் குறைத்துத் தரும் சிறு பெட்டி சூடேறக்கூடியது. அதைத் திரைக்கும் மெத்தைக்கும் அடியில் மறைத்து வைக்கலாகாது.

இப்பொழுது முக்கியமான கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. அந்த ஒரே பெரிய படத்தில் எதை வரைவது?

1988இல் ஹயாவோ மியாசாகி 'என் அண்டைவீட்டுத் தொத்தொரோ' என்னும் அனிமேத் திரைப்படத்தை வெளியிட்டார். அதன் பின்னணிகளுக்குத் தலைமை ஓவியராக இருந்தவர் கசுவோ ஓகா. உலகமெங்கும் பிள்ளைகள் போற்றும் அந்த வயலும் மரமும் மண்பாதையும் எங்கிருந்து வந்தன? டோக்கியோவுக்கு அருகே, மியாசாகி குடியிருக்கும் தொக்கொரொசாவா என்னும் புறநகரையொட்டிய சயாமா குன்றுகளின் சாயலே அது. நகரம் பெருகப் பெருக வயல்கள் வீட்டு மனைகளான வட்டாரம் அது. நம் கூடுவாஞ்சேரியை ஒத்த ஊர் என்றே சொல்லலாம். ஓவியர்கள் தங்கள் ஊரை உற்றுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். படத்தில் மயங்கிய மக்கள் படத்தோடு நின்றுவிடவில்லை. 1990இல் தொடங்கிய ஓர் இயக்கத்தின் வாயிலாக நன்கொடை திரட்டி, அக்குன்றுகளின் காடுகளைச் சிறுசிறு துண்டுகளாக விலைக்கு வாங்கிக் காத்துவருகின்றனர்.

அனிமே பாணியை நாம் உண்மையாகவே பின்பற்றுவதென்றால், ஜப்பானிய ரயில் நிலையத்தை நகலெடுப்பதன்று வழி. கூடுவாஞ்சேரி நிலையத்தை அவர்கள் பார்க்கும் முறையில் பார்ப்பதே வழி. மாலை ஆறு மணிக்குச் செங்கற்பட்டு நோக்கிப் போகும் மின்சார வண்டியின் சன்னல் விளக்குகளைப் பாருங்கள். மழைக்குப் பின் நந்திவரம் ஏரியில் கவிழ்ந்து கிடக்கும் மேகத்தைப் பாருங்கள். மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானையும், தவம் செய்யும் பூனையையும் பாருங்கள். பெருங்கண்களையும் மெல்லிய கோடுகளையும் அவற்றுக்குத் தந்து வரைந்தால், அதைவிடச் சிறந்த அனிமேச் சித்திரம் எங்கே கிடைக்கும்? நான் சொன்ன பெண் தன் காடாத்துணியில் ஏரிக்கரையை வரைந்தாள். இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே நின்ற பனைகள் எவை, கலங்கல் எந்தப் பக்கம் என்பதைப் பாட்டியல்லவா அவளுக்குச் சொன்னார்! அவர் சொன்ன இடத்திலேயே பனைகளை வைத்தாள்.

இது அந்நிய மோகம் என்று அஞ்சும் பெரியோர்க்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1992இல் ஜப்பானியராகிய யூகோ சாகோவும் நம் நாட்டு ராம் மோகனும் சேர்ந்து இராமாயணத்தையே அனிமேயாக எடுத்தனர். அது 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. ஜப்பானியர் நம் இராமனைத் தம் கோடுகளால் வரைந்து மகிழ்ந்தனர். நம் பிள்ளைகள் நம் ஏரியை அந்தக் கோடுகளால் வரைந்து மகிழ்வதில் குறை என்ன?

மாணவ நண்பர்களே, கடையில் கிடைக்கும் படம் யார் அறையிலும் தொங்கும். உங்கள் ஊரை நீங்களே பார்த்து வரைந்த படம் உங்கள் அறையில் மட்டுமே இருக்கும். இந்த விடுமுறையில் ஒரு முழம் காடாத்துணியும், நான்கு குப்பி வண்ணமும் வாங்குங்கள். தூரிகையை எடுக்குமுன் ஒருநாள் மாலை, ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வாருங்கள்.